நெல்வயலும் மீன்குளமும்

பண்டைத் தமிழர் நிலத்தைத் திணைவகையாற் பகுத்த ஞான்று, நெல்லை மருதத்திற்கும் கடல்மீனை நெய்தலுக்கும் உரியவாக்கினர். எனினும், மருத நிலத்து வயல்களிலும் மடைகளிலும் வாளையும் கெண்டையும் வராலும் துள்ளித் திரிந்தன என்பதைச் சங்கச் செய்யுட்களைக் கற்றோர் நன்கறிவர். நெல்லுக்கெனத் தேக்கிய நீரில் மீன் தானே வந்து வளர்ந்தது. அதனை எவரும் விதைத்திலர். இற்றை நாளிலோ அம்முறை தலைகீழாகி வருகின்றது. நெல் விளைந்த வயலை அகழ்ந்து, நாற்புறமும் கரை உயர்த்தி, நீர் நிறைத்து, மீன்குஞ்சுகளை விலைக்கு வாங்கி அதில் விடுகின்றனர் உழவர். ஆந்திர நாட்டில் பல்லாயிரம் ஏக்கர் நன்செய் இவ்வாறு குளமாயிற்று. நம் தமிழ் நாட்டிலும் ஆங்காங்கே ஆகி வருகின்றது.

தலைமுறை தலைமுறையாக நெல்லையே நம்பியிருந்த சிற்றுழவன் அதனைக் கைவிட்டு மீனை நாடுவது எதனால்? அது அவனுக்கு நன்மை பயக்குமா? அவனுடைய அண்டை வயலானுக்கும், அவ்வூர்க் கூலியாளுக்கும் நன்மை பயக்குமா? இம்மூன்று வினாக்களையும் நம் கல்லூரி நண்பர்கள் முன் வைத்து, எம் சிற்றறிவிற்கு எட்டியவாறு ஆராயப் புகுகின்றோம்.

ஆராய்ச்சிக்கு ஓர் ஊரை மனத்திற் கொள்ளுதல் நலம். காஞ்சிபுரம் மாவட்டத்தில், காஞ்சியினின்று உத்திரமேரூருக்குச் செல்லும் வழியில், உத்திரமேரூருக்கு அணித்தாக உள்ளது திருப்புலிவனம். வியாக்கிரபுரீசுவரர் கோயிலும் அதன் கல்வெட்டுகளும் அவ்வூரின் தொன்மைக்குச் சான்று. ஆங்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. கால்வாய்ப் பாசனம் மிக்க தஞ்சையைப் போன்ற நாடும் அன்று அது. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பினால் வயலுக்கு நீருண்டு. நிரப்பாவிடிற் கிணறே கதி. சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் மூன்று பட்டங்களும் அப்பக்கத்து உழவர் நாவில் வழங்குவன. ஆயினும் எத்தனை பட்டம் பயிர் வைக்கலாம் என்பதை ஏரியும் கிணறுமே தீர்மானிக்கும். அவ்வூரில் ஓர் ஏக்கர் நிலமுடைய உழவன் ஒருவன், 'வயலைக் குளமாக்கலாமா?' என எண்ணுகின்றான் எனக் கொள்வோம். அவன் எண்ணத்தைப் பின்பற்றி நாமும் செல்வோம்.

நெல்லின் கணக்கு

முதற்கண் நெல்லின் வரவு செலவைக் காண்போம். மைய அரசின் வேளாண் செலவு விலை ஆணையம், 2025-26-ஆம் ஆண்டிற்கு, உழவன் கைப்பொருளாகச் செலவிடுவதையும் அவன் குடும்பத்தார் உழைப்பின் மதிப்பையும் கூட்டி, குவிண்டால் நெல்லுக்கு 1,579 ரூபாய் அடக்கம் எனக் கணித்தது. அதனை ஒன்றரை மடங்காக்கி, பொதுரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாயைக் குறைந்தபட்ச ஆதரவு விலையாக அரசு அறிவித்தது. ஆகவே எஞ்சுவது குவிண்டாலுக்கு 790 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகை இதனைச் சிறிது கூட்டும். ஏக்கருக்கு 24 குவிண்டால் விளைந்ததெனக் கொண்டால், ஒரு போகத்தின் மிச்சம் 18,960 ரூபாயாகும். இரு போகமும் தவறாது விளைந்தால் 37,920 ரூபாய். நிலம் குத்தகையாயின், குத்தகையும் இம்மிச்சத்தினின்றே கொடுபட வேண்டும்.

ஒரு குடும்பம் ஓராண்டு உண்டு உடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தற்கு இது போதுமா என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. தமிழ் நாட்டில் ஓர் உழவன் கைக்கொண்ட நிலத்தின் சராசரி அளவு, 2015-16-ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, 0.75 ஹெக்டேர், அஃதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. நெல்லில் ஏக்கருக்குக் கிடைக்கும் மிச்சம் சிறிது, ஏக்கரும் சிறிது. பெருநிலக்கிழார்க்கு நெல் பொருள் தரும். சிற்றுழவனுக்கு அது சோறு தரும், அவ்வளவே.

அன்றியும், மேற்கூறிய கணக்கு நெல் முழுதும் விளைந்து, முழுதும் விலைபோயிற்று எனக் கொண்டு போட்டதாகும். நடைமுறையிலோ, கதிர் முற்றும் காலத்து மழை பொழிந்தால் பயிர் சாயும். அறுத்த நெல்லின் ஈரம் நூற்றுக்குப் பதினேழைத் தாண்டினால், அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் அதனை வாங்குதற்கு விதி இடந்தருவதில்லை. களத்தில் நெல்லைக் கொட்டி, வெயிலையும் முறையையும் எதிர்நோக்கிக் காத்திருத்தல் எளிதன்று. காத்திருக்க இயலாதவன் வந்த வியாபாரிக்குச் சொன்ன விலைக்குக் கொடுக்கின்றான். நெல் ஒரே காலத்தில் எல்லார் வயலிலும் முற்றுவது. ஆதலின் ஒரே காலத்தில் எல்லாரும் விற்பவராகின்றனர்.

ஆள் கிடையாமை மற்றொன்று. நாற்று நடுதலும், களை பறித்தலும், அறுத்தலும் குறித்த நாளில் முடிய வேண்டியவை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் திருப்பெரும்புதூர், ஒரகடம் முதலிய இடங்களில் எழுந்த தொழிற்சாலைகள் இளைஞரைத் தம்பால் ஈர்த்துக்கொண்டன. மாதந்தோறும் சம்பளம் தரும் வேலை இருக்கையில், ஆண்டில் சில வாரங்களே கிட்டும் வயல்வேலைக்கு அவர் ஏன் வருவர்? அவரைக் குறை கூறுதல் தகாது. ஆனால் அதன் பாரம் சிற்றுழவன் தலைமேல் விழுகின்றது.

மீனின் கணக்கு

இனி மீனைப் பார்ப்போம். கட்லா, ரோகு, மிருகால் என்னும் மூன்று பெருங்கெண்டைகள் கங்கை முதலிய வடநாட்டு ஆறுகளுக்கு உரியவை. அவை ஓடும் ஆற்றில் வெள்ளக்காலத்து முட்டையிடுமேயன்றி, தேங்கிய குளத்தில் தாமாக இனம் பெருக்குவதில்லை. ஆதலின், முற்காலத்தில் மீன்குஞ்சுகளை ஆற்றிலிருந்தே வலையிட்டு வாரிக் கொணர வேண்டியிருந்தது; வேண்டாத மீன்களின் குஞ்சுகளும் அதிற் கலந்து வந்தன. 1957-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 10-ஆம் நாள், ஒரிசாவில் ஹீராலால் சௌதுரி என்னும் அறிஞர், மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியினின்று எடுத்த சாற்றைத் தாய்மீனுக்கு ஊசி வழியாகச் செலுத்தி, அதனைக் கட்டுண்ட நீரிலேயே முட்டையிடச் செய்தார். நெல்லுக்கு விதை எவ்வாறோ அவ்வாறே மீனுக்கும் விதை வேண்டியபோது வேண்டிய அளவிற் கிடைக்கும் வழி அன்று பிறந்தது. அந்நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

இதன்பின் விளைந்த மாற்றம் சிறிதன்று. 1950-51-இல் இந்திய நாடு முழுவதும் பிடித்த மீன் ஏறத்தாழ 7.5 இலட்சம் டன். அதிற் பெரும்பகுதி கடல்மீன். 2022-23-இலோ மொத்தம் 175 இலட்சம் டன். அதில் 131 இலட்சம் டன் உள்நாட்டு நீர்நிலைகளினின்று பெற்றதாகும். உண்போர் தொகை பெருகியது. பனிக்கட்டியும் லாரியும் மீனைத் தொலைவிடங்கட்குக் கொண்டு சென்றன. குளத்து மீனுக்குச் சந்தை உண்டாயிற்று.

குளத்தில் மீன் வளர்க்கும் முறை நுண்ணியது. கட்லா மேல்நீரில் மேய்வது. ரோகு இடைநீரில் மேய்வது. மிருகால் அடித்தரையை நாடுவது. மூன்றையும் ஒருங்கே விட்டால் ஒன்றன் உணவை மற்றொன்று பறிப்பதில்லை. குளத்தின் நீர் முழுவதும் பயன்படுகின்றது. வெள்ளிக்கெண்டை, புல்கெண்டை, சாதாக்கெண்டை என்பவற்றையும் உடன் விடுவதுண்டு. இதற்குக் கூட்டு மீன் வளர்ப்பு என்று பெயர். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் ஆழமுள்ள குளத்தில் ஏக்கருக்கு ஏறத்தாழ 2,000 குஞ்சுகள் விட்டு, சாணமும் பிற எருவும் இட்டு நுண்ணுயிர்களைப் பெருக்கி, தவிடும் பிண்ணாக்கும் நாள்தோறும் இட்டு வந்தால், பத்துப் பன்னிரண்டு திங்களில் மீன் ஒன்று ஒரு கிலோ அளவினதாகும்.

நம் உழவனின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐந்தில் ஒரு பங்கு அழிந்து 1,600 மீன் எஞ்சின எனக் கொள்க. கிலோ நூறு ரூபாய் விலை எனின் வரவு 1,60,000 ரூபாய். இதனைக் கேட்டவுடன் நெல்லின் 37,920 ரூபாயோடு ஒப்பிட்டு வியப்போர் பலர். அது பிழை, வரவை மிச்சத்தோடு ஒப்பிடுதல் தராசின் ஒரு தட்டில் பதரோடு கூடிய நெல்லையும், மறுதட்டில் தீட்டிய அரிசியையும் வைத்தலை ஒக்கும். தீனி, குஞ்சு, எரு, மோட்டார், காவல், பிடிகூலி ஆகியவற்றுக்கு வரவில் மூன்றில் இரு பங்கு சென்றுவிடுவதாகக் கொண்டால், எஞ்சுவது ஏறத்தாழ 53,000 ரூபாய். நெல்லினும் மிகுதியே, ஆனால் ஊரார் பேசிக்கொள்ளும் அளவு மிகுதியன்று.

குளம் வெட்டும் செலவு இதிற் சேரவில்லை. மைய அரசு 2020-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி மத்சிய சம்பதா திட்டம், புதிய நன்னீர்க் குளம் ஒரு ஹெக்டேர் அமைத்தற்கு ஏழு இலட்சம் ரூபாய் எனக் கணித்து, பொதுப் பிரிவினர்க்கு நூற்றுக்கு நாற்பதும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் நூற்றுக்கு அறுபதும் மானியமாக வகுத்தது. ஏக்கருக்குக் கணக்கிட்டால், நாற்பது விழுக்காடு மானியம் பெறுவோன் தன் கைப்பொருளாக ஏறத்தாழ 1,70,000 ரூபாய் போட வேண்டும். அது நெல்லில் ஒன்பது போகத்து மிச்சமாகும். அத்தொகையைச் சிற்றுழவன் எங்ஙனம் பெறுவான்? கடனாகவே பெறுவான்.

ஆசைக்கு அடிப்படை யாது?

அங்ஙனமாயின், இவ்வளவு கடன் தாங்கியும் மீனை நாடுவது ஏன்? மிச்சத்தின் மிகுதி ஒரு காரணமே. தலையாய காரணம் அதுவன்று என யாம் கருதுகின்றோம். அது காலத்தைப் பற்றியது.

நெல் முற்றினால் அறுத்தே தீர வேண்டும். அறுத்தால் விற்றே தீர வேண்டும். மீனோ நீரில் உயிரோடிருக்கும் சேமிப்பு. விலை குறைந்திருப்பின் சில வாரம் பொறுக்கலாம். வீட்டில் திருமணமோ நோயோ வந்தால் வேண்டிய அளவு பிடித்து விற்கலாம். ஆண்டில் இருமுறை மட்டும் பணம் கண்டு, எஞ்சிய நாளெல்லாம் வட்டிக்கடையை நோக்கும் குடும்பத்திற்கு இவ்வுரிமையின் அருமை தெரியும். மற்றும், குளத்திற்கு நடவாள் வேண்டா, களையாள் வேண்டா. கணவனும் மனைவியுமாகத் தீனியிட்டுக் காத்துக்கொள்ளலாம். பிடிக்கும் நாளன்று மட்டும் வலைஞர் வந்தாற் போதும். தாழ்ந்த நிலமாய், மழைக்காலத்து நீர் வடியாமல் நெல் அழுகும் வயலுடையானுக்கு இக்காரணம் இன்னும் வலியது. நெல்லுக்குப் பகையாயிருந்த நீரே மீனுக்கு உறவாகின்றது.

ஆயினும் குளத்திற்கும் அதற்குரிய இடர்கள் உள. நெல்லின் அழிவு பெரும்பாலும் மெல்ல வரும். வாடத் தொடங்கிய பயிரைக் காத்தற்கு நாளேனும் உண்டு. மீனின் அழிவோ ஓரிரவில் வரும். பகலில் நீரிலுள்ள பாசியும் நுண்செடிகளும் வெயிலின் துணையால் உயிர்க்காற்றை வெளியிடும். இரவில் அவையும் மீனோடு சேர்ந்து அதனை உட்கொள்ளும். வானம் பல நாள் மூடியிருந்தால், விடியற்காலையில் நீரில் உயிர்க்காற்று அருகி, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும். அந்நேரத்துப் புதுநீர் பாய்ச்சவோ, நீரைக் கலக்கும் பொறியை ஓட்டவோ தவறினால் பொழுது புலர்வதற்குள் ஆண்டு முழுதும் இட்ட முதல் மிதக்கும். 2015-ஆம் ஆண்டு கார்த்திகையில் காஞ்சிபுரம் மாவட்டம் கண்ட வெள்ளம் போன்றது வந்தால், நீர் கரையைத் தாண்டும்; மீனும் உடன் செல்லும். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீரூட்டும் ஏரிகளே வறண்டன. அத்தகைய கோடையில் ஒரு குளத்தை நிறைத்து வைத்தற்கு நீர் எங்கே?

கொல்லேறு கற்பிக்கும் பாடம்

இதுகாறும் ஓர் உழவனையும் ஒரு குளத்தையும் பேசினோம். ஓர் ஊரார் எல்லாரும் குளம் வெட்டினால் யாதாகும்? அதற்கு விடை காண, நாம் நூலறிவால் ஆந்திர நாட்டிற்குச் செல்ல வேண்டும்.

கிருஷ்ணை, கோதாவரி என்னும் இரு பேராறுகளின் கழிமுக நிலங்களுக்கு இடையே கொல்லேறு என்னும் பெரிய நன்னீர் ஏரி உள்ளது. அதனைச் சூழ்ந்த கைகலூர், ஆகிவீடு முதலிய இடங்களின் தாழ்ந்த நிலங்களில் நெல் அடிக்கடி வெள்ளத்தில் மூழ்கிற்று. 1970-களின் பிற்பகுதியில் ஏரிப்படுகையிலேயே மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கெனக் குளங்கள் அமைந்தன. அவை ஈட்டிய பொருளைக் கண்ட சுற்றுப்புறத்து உழவர் தம் வயல்களையும் அகழத் தொடங்கினர். ஆங்கு விளைந்த ரோகுவும் கட்லாவும் பனிக்கட்டியில் அடுக்கப்பெற்றுக் கல்கத்தா வரை சென்றன, இன்றும் செல்கின்றன.

இதனால் ஆந்திர நாடு நன்னீர் மீனில் முதன்மை எய்தியது உண்மை. ஆயினும் இரண்டு செய்திகளை நாம் கருத வேண்டும். முதலாவது, ஒரு வயல் குளமானவுடன் அண்டை வயல் முன்போல் இராது. உயர்ந்த கரை வடிகாலை மறிக்கும்; குளத்து நீர் ஊறி அறுவடைக் காலத்தும் நெல்வயலைச் சேறாக்கும்; இரு பக்கமும் குளமானால் நடுவயலுக்கு ஏரும் வண்டியும் செல்ல வழியிராது. நெல்லையே விரும்பியவனும் வேறு வழியின்றித் தானும் அகழ்வான். அகழப் பொருளில்லையேல் பொருளுடையானுக்குக் குத்தகைக்கு விடுவான். நெல்லில் தான் உழைத்துப் பெற்றதினும் குத்தகை மிகுதியாயிருத்தலின் அதனை நன்மையென்றே முதலில் எண்ணுவான். ஆனால், உழவனாயிருந்தவன் தன் நிலத்தின் கரைமேல் நிற்கும் வாடகைக்காரனாய் விடுகின்றான்; வயலை மீண்டும் வயலாக்கும் ஆற்றல் அவனிடம் இல்லை. சிற்றுழவர்க்கென்றும் மீனவர்க்கென்றும் தொடங்கிய தொழில் காலப்போக்கில் பெருமுதலாளர் கைக்குச் சென்றது இவ்வாறேயாம்.

இரண்டாவது, ஏரியே சுருங்கிற்று. வெள்ளநீரைத் தாங்கித் தணித்து, கூழைக்கடா முதலிய பறவைகளுக்கு உறைவிடமாயிருந்த கொல்லேறு, கரைகளால் கூறுபட்டது. 1999-இல் அது காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. 2002-இல் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலிற் சேர்ந்தது. 2006-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணைவழி, சரணாலய எல்லைக்குள் இருந்த குளங்களின் கரைகள் பொறிகளால் உடைக்கப்பட்டன. அவற்றைச் சார்ந்து பிழைத்த ஏழைகளும் அன்று துன்புற்றனர். வெட்டுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை உடைக்கும் நாளில் கேட்டதன் பயன் அது.

நம் தமிழ் நாட்டிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. 1990-களில் நாகப்பட்டினக் கடற்கரையை ஒட்டிய நெல்வயல்கள் பல இறால் பண்ணைகளாயின. இறாலுக்கு உவர்நீர் வேண்டும். அவ்வுவர் பக்கத்து வயல்களிலும் குடிநீர்க் கிணறுகளிலும் ஊறிற்று. வயலில் நட்டும் அறுத்தும் பிழைத்த நிலமற்ற கூலியாட்களுக்கு வேலை போயிற்று. காந்தியடிகள் வழிநின்ற சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் அவர்தம் வாழ்க்கைத்துணைவியார் கிருஷ்ணம்மாளும் அம்மக்களோடு நின்று போராடினர். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், விளைநிலத்தை இறால் பண்ணையாக்குதல் கூடாதெனத் தீர்ப்பளித்தது. 2005-இல் கடலோர நீர்வாழுயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் இயற்றப்பெற்றது. கெண்டைக்கு உவர்நீர் வேண்டாமையின் அதன் தீமை அத்துணைக் கொடிதன்று. எனினும் நடவுப் பெண்டிர்க்கு வேலை போவது இரண்டிற்கும் பொதுவே. உழவன் 'ஆள் வேண்டா' என்று மகிழும் அவ்விடத்தே, கூலியாள் 'வேலை இல்லை' என்று வருந்துகின்றாள். ஒரே செய்தியின் இரு முகங்கள் இவை.

நீர் யாருடையது?

இனித் திருப்புலிவனத்திற்குத் திரும்புவோம். ஏரிப்பாசன ஊருக்கே உரிய வேறொரு கேள்வி ஈண்டு எழுகின்றது.

மீன்குளம் நெல்லினும் மிகுதியாக நீர் குடிக்குமா? நெல் ஒரு போகத்திற்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் நீர் கொள்ளும். இரு போகத்திற்கு 2,400. குளத்தினின்று நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியாகுமெனக் கொண்டால் ஆண்டிற்கு 1,825 மில்லிமீட்டர் போகும். தரையில் ஊறிச் செல்வது வேறு. களிமண் நிலமாயின் ஊறல் குறைவு. ஆகவே, ஆண்டுக் கணக்கில் நோக்கினால் இரண்டிற்கும் பெரிய வேற்றுமை இல்லை எனலாம்.

ஆனால் வேற்றுமை அளவில் இல்லை, பருவத்தில் உள்ளது. நெல் ஏரியின் காலத்தோடு ஒத்துச் செல்வது. ஏரி நிறைந்தால் நடுவர். வற்றினால் வயலைத் தரிசாக விடுவர். நீரற்ற ஆண்டில் நெல் தன்னைத்தானே குறைத்துக்கொள்கின்றது. குளமோ அவ்வாறு செய்யவியலாது. சித்திரையிலும் வைகாசியிலும், ஏரி காய்ந்து கிணறு தாழ்ந்து ஊரார் குடிநீருக்கு அலையும் அந்நாளிலும், வளர்ந்த மீன் நீர் கேட்கும். அப்பகுதியின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர். ஆவியாவதற்கும் பெய்வதற்கும் உள்ள இடைவெளியை மட்டும் நிரப்புதற்கே, ஏக்கர்க் குளம் ஒன்றிற்கு ஆண்டில் ஏறத்தாழ 25 இலட்சம் லிட்டர் நீரை ஆழ்துளைக் கிணற்றினின்று இறைக்க வேண்டும். கிணறு அவன் நிலத்தில் இருக்கலாம். கிணற்றில் ஊறும் நீர் அவன் நிலத்து எல்லைக்கல்லை அறியாது. அது அண்டை வீட்டுக் கிணற்று நீரும் ஆகும்.

ஆகவே யாம் கண்ட முடிவு இது: நெல்லை விட்டு மீனை நாடும் சிற்றுழவன் பேராசையால் நாடவில்லை, நெல் அவனுக்குக் காலத்தையும் கையிருப்பையும் தாராமையால் நாடுகின்றான். அவனைத் தடுத்தல் நீதியன்று. ஆனால் பயிரை மாற்றுதல் அவன் உரிமையாயினும், நீரின் பருவத்தை மாற்றுதல் ஊரைக் கேட்டுச் செய்ய வேண்டிய செயல்.

இடைவழி உண்டு

நெல்லா மீனா என ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டுவதில்லை. கேரளக் கடற்கரையில் பொக்காளி நிலங்களில், மழைக்காலத்து உவர் குறைந்தபோது நெல்லும், அறுவடைக்குப்பின் உவர்நீர் ஏறியபோது இறாலும் மாறி மாறி விளைவிக்கின்றனர். நெல்லின் தாள் இறாலுக்கு உணவாகின்றது. அருணாசலப் பிரதேசத்துச் சீரோப் பள்ளத்தாக்கில் அபதானிப் பழங்குடியினர், நெல்வயலிலேயே சிறு பள்ளங்கள் வெட்டி, நெல்லோடு கெண்டையையும் ஒருங்கே வளர்க்கின்றனர். கேரள அரசு 2008-இல் நெல்வயலையும் ஈரநிலத்தையும் காக்கச் சட்டமும் இயற்றிற்று.

நம் ஏரிப்பாசன ஊர்களுக்கு ஏற்றது பண்ணைக்குட்டை என்று தோன்றுகின்றது. ஏக்கர் முழுவதையும் அகழாமல், பத்தில் ஒரு பங்கில் மட்டும் ஆழமான குட்டை வெட்டினால், கார்த்திகை மழை அதில் நிற்கும். அதில் ஆறேழு திங்கள் மீன் வளர்த்து, கோடை முற்றுமுன் பிடித்துவிடலாம். எஞ்சிய ஒன்பது பங்கில் நெல் நிற்கும். நெல்லுக்கு ஒரு நனைப்பு குறைந்தால் குட்டை நீர் உதவும். மீன் எச்சம் கலந்த அந்நீர் பயிருக்கு எருவுமாகும். கடன் சிறிது, கரை உயரமின்மையால் அண்டையானுக்கும் இடரில்லை, நடவுப் பெண்டிர்க்கு வேலையும் போகாது. மிச்சம் முழுக்குளத்தினும் குறைவே. ஆனால் இழப்பும் குறைவு. ஓர் ஏக்கரே உடையானுக்கு இழப்பின் அளவே முதற்கண் கருதத்தக்கது. பூச்சிமருந்து மிகுதியாகத் தெளிக்கும் வயலருகே மீன் பிழையாது என்பதையும், 2000-இல் அரசு தடைசெய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியை எவர் மலிவாகத் தந்தாலும் வாங்குதல் கூடாது என்பதையும் அவன் அறிதல் வேண்டும். அது கரை தாண்டி ஏரியிற் புகுந்தால் நம் நாட்டு மீன்களை விழுங்கிவிடும்.

இவற்றையெல்லாம் முறை செய்வார் யார்? விடை திருப்புலிவனத்திற்கு மிக அணித்தே கல்லில் உள்ளது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையால் வாரியங்களைத் தேர்ந்தெடுத்தமையைக் கூறுகின்றன. அவற்றுள் ஏரிவாரியம் ஒன்று. அதற்கு உறுப்பினர் அறுவர். அவர் பணிக்காலம் 360 நாள். முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் மீண்டும் குடத்தில் பெயரிடப் பெறார். அவ்வூரின் வயிரமேக தடாகத்தில் மண் எடுத்து ஆழப்படுத்தற்கெனக் கொடை வைத்தோரையும் அக்கால ஆவணங்கள் காட்டுகின்றன. நீருக்குக் கணக்கு உண்டு, கணக்கிற்குப் பொறுப்பாளர் உண்டு என்பதே அம்முறையின் உயிர்.

அம்முறையின் குறையையும் மறைத்தலாகாது. அச்சபை நிலமும் வேதக்கல்வியும் உடைய அந்தணருடையது. ஏரியில் மண் சுமந்தவனுக்கும் வயலில் நாற்று நட்டவளுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. இற்றைக் கிராம சபையிலோ வாக்குரிமையுடைய எல்லார்க்கும் இடமுண்டு. தமிழ் நாட்டில் உலக நீர் நாளாகிய மார்ச்சுத் திங்கள் 22-ஆம் நாளிலும் அச்சபை கூடுகின்றது. கோடை தொடங்கும் அந்நாள் இவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது. எவ்வயலில் குளம் வெட்டலாம், எவ்வடிகாலை மறித்தல் கூடாது, எத்திங்களுக்குப் பின் கிணற்று நீரைக் குளத்திற்கு இறைத்தல் ஆகாது என்பவற்றை ஊரார் கூடி வரையறுத்து எழுதி வைத்தால், கொல்லேறு 2006-இற் கண்ட துயரை நம் ஊர்கள் காணா.

எம்மோடு பயிலும் நண்பருள் பலர் உழவர் மக்கள். விடுமுறையில் ஊர் செல்லும்போது, வயலைக் குளமாக்க எண்ணும் தந்தையர்க்கு, மேற்கூறிய கணக்கைத் தம் ஊர் விலையும் செலவும் கொண்டு போட்டுக் காட்டுவாராக. அடுத்து நடக்கும் கிராம சபையிற் சென்று அமர்வாராக. குளம் வெட்டப் பொருளுடையான் அங்கே தானே பேசுவான். நாற்று நடும் கை உடையவளும் அங்கே பேசுமாறு செய்தல் கற்றவர் கடன்.